சுத்துது... ஆனா ஸ்டார்ட் ஆகலை!

இன்ஜினை நிறுத்தியது படகோட்டிதான். நீர்த்தேக்கத்தின் நடுவில் இருந்தோம். மூன்று பக்கமும் மலை. தூரத்துக் கரையில் கறுப்பாக எதுவோ தெரிய, யாரோ 'யானை... யானை!' என்று கத்த, சத்தம் வேண்டாமே என்று அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். பத்து நிமிடம் எல்லோரும் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றோம். யானை இல்லை, பாறை! சரி, கிளம்பலாம் என்று மறுபடி சாவியைத் திருப்பினார்.

க்ர்ர்ர்... க்ர்ர்ர்... க்ர்ர்ர்...

சுற்றுகிறது. பிடிக்கவில்லை.

பொள்ளாச்சியைத் தாண்டிய ஒரு நீர்த்தேக்கம். எது என்று கேட்காதீர்கள். போன மாதம் குடும்பத்தோடு போயிருந்தேன். படகில் பத்துப் பேர். இரண்டாவது 'க்ர்ர்ர்' வரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள், மூன்றாவதில் பேச ஆரம்பித்தார்கள்.

"மெயின்டனன்ஸே கிடையாது சார். டிக்கெட் காசை மட்டும் கரெக்டா வாங்கிடுவாங்க" என்றார் சென்னையிலிருந்து வந்தவர். "பெட்ரோல்ல கலப்படமா இருக்கும்" என்றார் அவர் மச்சான். பின்னால் இருந்த ஓர் அம்மா, "இவருக்கு முதல்ல லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அதனால் நான் நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரிகைக்காரன் புத்தி... நாலாவது 'க்ர்ர்ர்' முடிவதற்குள் அரைப் பக்கக் கட்டுரை மனசில் தயாராகிவிட்டது. தலைப்பு உட்பட!

படகோட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். "சித்தெ பேசாம இருங்க சாமி. சத்தம் கேக்கோணும்" என்றார். பேச்சு நின்றது. ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாச் சுத்துதுங்க. அப்ப பேட்டரியில குத்தமில்லீங்."

டேங்க் மூடியில் காற்றுக்கான திருகைத் தொட்டுப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. எரிபொருள் குழாயின் நடுவில் பலூன் மாதிரி ஒரு ரப்பர் குமிழ் இருக்கும், அதை அழுத்தினார். கெட்டியாக இருந்தது. "எண்ணெயும் வருதுங்க" என்றார். எங்களிடம் சொல்கிறாரா, இன்ஜினிடம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு அவர் கை, பழைய டெலிபோன் ரிசீவர் வயர் மாதிரி சுருள் சுருளாக இருந்த ஒரு சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனது. போன இடம்... என் தோள் பை.

அந்தக் கயிற்றின் கதை இதுதான். ஒரு முனை ஓட்டுபவரின் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கும். இன்னொரு முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப், ஒரு சுவிட்ச் பட்டனுக்கு அடியில் செருகியிருக்கும். ஓட்டுபவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு, கிளிப் கழன்று, இன்ஜின் நின்றுவிடும். ஆளில்லாத படகு அவர்மேலேயே திரும்பி வந்து ஏறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கிளிப் இல்லாவிட்டால் பல இன்ஜின்களில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், ஆனால் தீப்பொறி வராது. யானையைக் காட்ட எழுந்தபோது அவர் தன் முனையைக் கழற்றி ஸ்டீயரிங்கில் மாட்டியிருக்கிறார். யானையைப் படம் பிடிக்க எழுந்தபோது நான் அதைப் பைப் பட்டியில் மாட்டி இழுத்திருக்கிறேன்.

பட்டியிலிருந்து கயிற்றை விடுவித்தார். கிளிப்பைச் செருகினார். சாவியைத் திருப்பினார். பிடித்துக்கொண்டது.

சென்னைக்காரர் கைதட்டிவிட்டு, "பாத்தீங்களா, நான் சொன்னேனே... மெயின்டனன்ஸ்!" என்றார்.

எனக்கு உறைத்தது வேறு. அந்த மனிதர், 'யாருங்க இதை இழுத்தது?' என்று கேட்கவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாங்கள் பத்துப் பேரும் 'யார்?' என்று தேடிக்கொண்டிருந்தபோது, அவர் ஒருவர்தான் 'எங்கே?' என்று தேடிக்கொண்டிருந்தார்.

பி.காம். படித்தவனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை ஆனைமலையில் ஒரு ஃபிட்டர் சொல்லிக்கொடுத்தார், 2012-ல். அதற்கான கட்டணத்தை நான் கட்டவில்லை. வேறொருவன் கட்டினான். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

2012-ஐக் கொங்கு நாட்டுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி, பதினாலு மணி நேரம் கரன்ட் இருக்காது. கோவையில் பட்டறைகள் மூடிக் கிடந்தன. திருப்பூரில் ஜெனரேட்டர் புகை. தோட்டங்களில் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது ஆண்டவனுக்கே தெரியாது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்துதான் இந்தப் பக்கத்துக் கிணறுகளின் தலையெழுத்து மாறியது என்பார்கள். எண்பது வருஷம் கழித்து, அதே கிணற்று மேட்டில் ஆட்கள் மறுபடி பழைய ஆயில் இன்ஜினைத் தூசி தட்டினார்கள்.

ஆனைமலையில் என் மாமாவும் தட்டினார். அம்மாவின் அண்ணன். தென்னந்தோப்பு, கொஞ்சம் நெல். வாய்க்கால் ஓரக் கிணறு, தண்ணீர் மேலாகவே நிற்கும். ஷெட்டின் மூலையில் கிடந்த கைச்சுற்று டீசல் இன்ஜினை வெளியே இழுத்து, பெல்ட் மாட்டி ஓட்டினார். அதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. மேலே ஒரு சின்ன லீவர் இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் சிலிண்டருக்குள் காற்று அடைபடாது, ஹேண்டில் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டி இறக்க வேண்டும். டப்... டப்... டப்பென்று தோப்பே அதிரும்.

(ஒரு விஷயம். படகு இன்ஜினும் பம்ப் இன்ஜினும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். வியட்நாமில் மெக்காங் டெல்டா விவசாயிகள் 1960-களில் படகு மோட்டாரைக் கழற்றி நீர் இறைக்கும் பம்ப் ஆக்கினார்கள். நம் ராமநாதபுரம், நாகப்பட்டினம் கரைகளில் வள்ளங்களில் ஓடுகிற சின்ன டீசல் இன்ஜின்களும் இதே குடும்பம்தான். தோப்பில் நின்றால் பயிர் காயும். கடலில் நின்றால் படகு காற்று போன பக்கம் போகும், எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. அது தனியாக எழுத வேண்டிய சோகம்.)

மாமாவிடம் ஒரு பையன் வேலை பார்த்தான். பத்தொன்பது வயசு. இன்ஜினுக்கு டீசல் ஊற்றுவது, சுற்றுவது, மடை திருப்புவது எல்லாம் அவன்தான். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு நாள் இன்ஜினுக்கு ஓய்வு. மழை விட்டதும் பையன் டிரம்மிலிருந்து டீசல் பிடித்து ஊற்றிச் சுற்றினான். சுற்றியது. கிளம்பவில்லை. மாமா சுற்றினார். கிளம்பவில்லை. தோள்பட்டை கழன்றுபோகும் அளவுக்கு நானும் சுற்றினேன். விடுமுறைக்குப் போயிருந்த எனக்கு எதற்கு இந்த வேலை என்று அத்தை திட்டினார்.

மாமா டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தார். மேலே டீசல். அடியில் தெளிவாக, தனியாக... தண்ணீர்!

அந்த டம்ளரோடு விசாரணை முடிந்தது. டிரம்மிலிருந்து டீசலை எடுத்து விற்றிருக்கிறான், அளவு குறையாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். சாட்சி டம்ளரில் நிற்கிறது. "பண்ணாடி, நான் எண்ணெய் எடுக்கலீங்" என்று மூன்று முறை சொன்னான். அப்புறம் பேசாமல் நின்றான். நிரபராதி என்றால் கத்தியிருப்பானே, இவன் ஏன் பேசாமல் நிற்கிறான் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? இரண்டு வாரத்துக்கு முன் அவன் ஒரு புது செல்போன் வாங்கியிருந்தான். "ஏப்பா, போன் வாங்கக் காசு ஏது?" என்று கேட்டேன். "அக்கா சீட்டு எடுத்துச்சுங்" என்றான். நான் சிரித்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரிக்க மட்டும் செய்தேன். அதற்குப் பிறகு அவன் மாமாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார் மாமா. பாதிச் சம்பளம் பிடித்தம்.

அத்தைக்கு அதோடு ஆறவில்லை. ஆனைமலை என்றதும் உங்களில் பலருக்கு மாசாணியம்மன்தான் நினைவுக்கு வருவாள். படுத்த கோலத்தில் இருக்கும் பெரிய உருவம். பொருள் திருடு போனவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், போலீசில் சொல்ல முடியாதவர்கள், சொல்லியும் பயனில்லாதவர்கள் அங்கே வருவார்கள். மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். கோர்ட்டுப் படி ஏற வசதியில்லாதவர்களுக்கு அது ஒரு கோர்ட். அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. வெள்ளிக்கிழமை அத்தையும் போய் மிளகாய் அரைத்தார். 'இந்த வேலையைப் பண்ணினவன் யாரா இருந்தாலும் நீதான் கேக்கோணும்' என்று வேண்டிக்கொண்டதாக வந்து சொன்னார்.

நாலாம் நாள்தான் ஃபிட்டர் வந்தார்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு பரம்பரைப் பித்து உண்டு. ஜி.டி.நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டித்தான் மெக்கானிக் ஆனார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு அவர் தொழில் தொடங்கிய வழித்தடம், பொள்ளாச்சி – பழனி. எங்கள் ஃபிட்டர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. சந்தை வீதியில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். எழுபது வயதுக்கு மேல். வந்தவுடன் இன்ஜினைத் தொடவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"சுத்துதுங்களா?"

"சுத்துது."

"அப்ப பாதி நோவு இல்லைங்க."

அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னது இது. ஹேண்டிலைச் சுற்றுவது நம் வேலை, ஓடுவது இன்ஜினின் வேலை. இரண்டும் வேறு. நாம் சுற்றுவதால் அது ஓடுவதில்லை. உள்ளே சில விஷயங்கள் சேர்ந்தால்தான் ஓடும். பெட்ரோல் இன்ஜின் என்றால் காற்று, எரிபொருள், தீப்பொறி, அழுத்தம். டீசலில் தீப்பொறியே கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஓட்டிக் காட்டிய சூத்திரம் இதுதான். ஆகவே டீசல் இன்ஜின் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். காற்று உள்ளே வருகிறதா, புகை வெளியே போக வழி இருக்கிறதா? (புகைக்குழாயில் குளவி கூடு கட்டிவிடும்.) அழுத்தம் இருக்கிறதா, லீவரை இறக்கினோமா? நிறுத்துகிற பிடியைப் பழைய இடத்துக்குத் தள்ளினோமா? (பத்து இன்ஜினில் ரெண்டு இதனால்தான் கிளம்பாது என்றார்.) டீசல் வருகிறதா, வருவது டீசல்தானா, குழாயில் காற்றுக் குமிழ் இருக்கிறதா?

"ஒவ்வொண்ணா 'இது இல்லை'ன்னு தள்ளோணுமுங்க. மொதல்லயே 'இதுதான்'னு சொல்லிட்டா, அப்புறம் கண்ணு வேற எதையும் பாக்காது."

டம்ளர் விஷயத்தை மாமா சொன்னார். பையனை அனுப்பிவிட்டதையும் சொன்னார். ஃபிட்டர் தலையாட்டிவிட்டு, டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தார், ஃபில்டரை வடித்தார். வந்த தண்ணீரை ஒரு சொம்பில் சேர்த்தார். அரை லிட்டர்கூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "திருடறவன் இத்தனூண்டு தண்ணியா ஊத்துவான்?" என்றார். பிறகு, "டிரம்மு எங்கீங்க?" என்று கேட்டார்.

டிரம் ஷெட்டுக்கு வெளியே, கூரை இல்லாத இடத்தில், நட்டமாக நின்றது. ஷெட்டுக்குள் டீசல் நாற்றம் அடிக்கிறது என்று வெளியே வைக்கச் சொன்னது மாமா. மேல்மூடியைச் சுற்றி விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி நின்றுகொண்டிருந்தது.

இதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. உங்களில் டிரம் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். டிரம் மூச்சு விடும்! பகல் வெயிலில் உள்ளே உள்ள காற்று விரிந்து, மூடியின் புரி வழியாகக் கொஞ்சம் வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் உள்ளே சுருங்கி, வெளியே இருப்பதை இழுக்கும். மூடியின் மேல் தண்ணீர் நின்றால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். ஒரு நாளைக்குச் சொட்டு சொட்டாக. தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். ஹோஸை அடிவரை விட்டு உறிஞ்சினால் முதலில் வருவதே அதுதான். டிரம்மைப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆக, டம்ளரில் தண்ணீர் இருந்தது உண்மை. திருட்டு பொய்.

மாமா மெதுவாக, "அப்ப யாரு மேல தப்பு?" என்றார். ஃபிட்டர் சுற்றி வளைக்கவில்லை. "நட்டமா வெச்சது நீங்கதானுங்களே" என்றார். பிறகு புது ஃபில்டர் போட்டார். இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி, என்னை ஹேண்டிலைச் சுற்றச் சொன்னார். முதலில் நுரை நுரையாக வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது. நட்டை இறுக்கினார். "இப்ப மெல்லச் சுத்துங்க தம்பி, காதை வெச்சுக் கேளுங்க" என்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் 'க்ரீக்' என்று ஒரு சின்ன முனகல். டீசல் பீய்ச்சும் சத்தம். "பேசிருச்சு" என்றார். லீவரை இறக்கியதும் கிளம்பிவிட்டது.

மாமா ரொம்ப நேரம் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "விடு மாப்ளே... எப்படியும் அவன் நிக்கிற ஆளில்லை" என்றார்.

அத்தை மட்டும் மறுநாள் அவசரமாக மறுபடி கோயிலுக்குப் போனார். 'பண்ணினவன் யாரா இருந்தாலும்' என்று அல்லவா வேண்டியிருந்தார்! பண்ணினவர் வீட்டு நடையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மனிடம் என்ன சொன்னார் என்று அத்தை எங்களிடம் சொல்லவில்லை. வருகிற வழியில் பையனின் வீட்டுக்குப் போய்ப் பிடித்த சம்பளத்தை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தம்மா வாங்கிக்கொண்டாராம். தண்ணீர்கூட வேணுமா என்று கேட்கவில்லையாம். பையன் அதற்குள் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

ஏன் எங்கள் இரண்டு பேருக்கும் டிரம் கண்ணில் படவில்லை? தினமும் அதைத் தாண்டித்தான் போனோம். 'யார்?' என்ற கேள்வி வந்தவுடன் நாம் பொருளைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம், முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அதுவும் எந்த முகத்தை? தண்ணீர் மாதிரிதான். சந்தேகமும் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். வீட்டில் நகை காணோம் என்றால் வேலைக்காரம்மா. ஆபீஸில் பணம் குறைந்தால் பியூன். மாமாவின் பெரிய பையனுக்கும் டிரம் சாவி இருக்கும் இடம் தெரியும். அவன் பெயர் யார் வாயிலும் வரவில்லையே!

மதுரையில் ஒரு ராஜா செய்ததும் இதுதான். பொற்கொல்லன் வந்து, அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் இவன் என்று கோவலனைக் காட்டினான். பாண்டியன் 'யார்?' என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நிறுத்திக்கொண்டான். அந்தச் சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அதை உடைத்துக் காட்ட ஒரு விதவை தெருவழியே நடந்து வர வேண்டியிருந்தது. இதில் நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. அங்கே ஒரு திருடன் நிஜமாகவே இருந்தான். விரலை நீட்டிய பொற்கொல்லனேதான். 'சிலம்புக்குள் என்ன இருக்கிறது?' என்று முதலில் கேட்டிருந்தால், கோவலன் பிழைத்திருப்பான். திருடனும் சிக்கியிருப்பான்.

இதைத்தான் எங்களுக்கு பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வு எழுதி பாஸும் செய்தேன், புத்தியில் ஏறவில்லை! இருப்பாய்வில் பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால், வித்தியாசத்தை யார் தலையிலும் கட்டக் கூடாது. 'அனாமத்துக் கணக்கு' என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டு வைக்க வேண்டும். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பிறகு நிதானமாகத் தேட வேண்டும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், 540-ஐ 450 என்று இடம் மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டால் வகுபட்டால், பாதித் தொகையைப் பற்றுக்குப் பதில் வரவில் எழுதியிருக்கலாம். தவறு எங்கே என்று தெரிந்தபின்தான் அனாமத்தை மூட வேண்டும். 'கேஷியர் எடுத்திருப்பான்' என்று ஒரு தலைப்பு எந்தப் பேரேட்டிலும் கிடையாது.

என் நண்பர் ஒருவர், தொழிற்சங்கக்காரர், இதைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். "நல்லா இருக்குய்யா உன் நியாயம்! 'யார்'னு கேக்காதே, 'எங்கே'ன்னு கேளு... இதைத்தானே எல்லா முதலாளியும் சொல்றான்? ஆள் செத்தா 'தொழில்நுட்பக் கோளாறு'. பாலம் இடிஞ்சா 'தொழில்நுட்பக் கோளாறு'. யாருமே பொறுப்பில்லை!"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரெண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, போபால்தான் நினைவுக்கு வந்தது.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி. 610 என்று எண் போட்ட ஒரு தொட்டி. உள்ளே சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட். அதற்குள் தண்ணீர் புகுந்தது. அங்கேயும் தண்ணீர்தான்! யூனியன் கார்பைடு நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? அதிருப்தியில் இருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டுவிட்டான் என்றது. குழாய் கழுவும்போது தடுப்புத் தகடு போடாததால் தண்ணீர் போனது என்றார்கள் தொழிலாளர்கள். தண்ணீர் எப்படிப் போனது என்பதில் இரண்டு கதைகள் இருக்கட்டும். தொட்டியைக் குளிர வைக்கிற இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் குழாய் கழற்றப்பட்டு ரிப்பேரில் கிடந்தது. இதில் இரண்டு கதை இல்லை. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 2010 ஜூன் 7-ல் ஏழு இந்திய அதிகாரிகளுக்கு ஆளுக்கு இரண்டு வருஷம் தண்டனை வந்தது. தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் கடைசிவரை விசாரணைக்கு வராமலே 2014-ல் இறந்துபோனார்.

நண்பரிடம் சொன்னேன். "அங்கே 'யார்?'னு முதல்ல கேட்டது கம்பெனிதான். அந்தக் கேள்வி நேரா ஒரு கூலிக்காரன் வீட்டுக்குப் போச்சு. 'எங்கே?'ன்னு கேட்டவங்க குழாய், தகடு, குளிர்சாதனம்னு ஒவ்வொண்ணா ஏறி, அதை நிறுத்தச் சொன்னது எந்த ரூம்னு போய்ச் சேர்ந்தாங்க. 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு பேப்பர்ல வர்றது 'எங்கே'வுக்குப் பதில் இல்லை. பாதி வழியில நின்னுட்ட பதில். எங்க ஃபிட்டர் 'டீசல்ல தண்ணி'ன்னு நிறுத்தியிருந்தா பையன்தான் திருடன். அவர் டிரம் வரைக்கும் நடந்தார். கடைசியில ஆளையும் சொன்னார், மூஞ்சிக்கு நேரா."

நண்பர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "ஃபிட்டருக்குத் தைரியம் இருந்துச்சு, சொன்னார். எல்லா ஃபிட்டருக்கும் இருக்குமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமா அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி இல்லை. அன்று அவர் மாமாவின் ஆளாக இருந்திருந்தால் அந்த வாக்கியம் வெளியே வந்திருக்குமா என்று எனக்கும் சந்தேகம்தான்.

படகு கரைக்கு வந்தபின் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தேன். மனைவியும் மகளும் கரும்புச்சாறு வண்டியைப் பார்த்து நடந்துவிட்டார்கள். படகோட்டி லைஃப் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உதறிக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தக் கயிறு... என் பைதான் இழுத்துடுச்சு" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். திரும்பவில்லை. "நானும் கழட்டி வெச்சிருக்கக் கூடாதுங்க. அது எந்த நேரமும் என் மேலதான் இருக்கோணும்."

திரும்பி வரும் வழியில் ஆனைமலையில் இறங்கினோம். மாமா 2019-ல் போய்விட்டார். இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. டிரம் இன்னும் இருக்கிறது, ஷெட்டுக்குள், படுத்த வாக்கில். அதைப் பார்த்ததும் அத்தையிடம் பையனைப் பற்றிக் கேட்டேன். திருப்பூரில் நிட்டிங் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராம். இரண்டு பெண் குழந்தைகளாம். அவன் அக்கா இன்னும் இதே ஊரில்தான். அன்றைக்கு சீட்டு எடுத்த அதே அக்கா. அத்தை அவரிடம் கேட்டு நம்பர் வாங்கிக் கொடுத்தார். "உங்க மாமாதான் கடைசிவரைக்கும் பேசலை. நீயாவது ஒரு வார்த்தை பேசிடு சாமி" என்றார்.

மூன்று வாரமாகிறது. இதற்கிடையில் இரண்டு முறை நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். டிரம் மூச்சு விடும் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டும். அதை யாராவது அவனுக்குச் சொன்னார்களா என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அதை மறந்திருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்றார் அத்தை. இதை இன்றைக்கு ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு, ஞாயிறு காலையில் கூப்பிடுவதாக இருக்கிறேன்.